ஆப்ரிகான்ஸ் சோதனை நாடகக் குழு ஒன்றின் வரலாற்றைத் தொகுப்பது எப்படி

நாலைந்து பேர், வாடகைக்கு எடுத்த ஒரு கூடம், சில ஆண்டு உழைப்பு, பிறகு ஆளுக்கொரு திசை. தென்னாப்பிரிக்காவின் சிறிய ஆப்ரிகான்ஸ் மொழி நாடகக் குழுக்களில் பல இப்படித்தான் வந்து போயின. அலுவலகமோ ஆவணக் காப்பாளரோ இருந்ததில்லை. காகிதமெல்லாம் யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் கிடக்கும். வரலாறு எழுத முனைபவர்கள் நேரே நிறுவனரைப் பேட்டி காணப் போய்விடுகிறார்கள். அது தலைகீழ் வேலை. அவர் சொன்ன வரிசையே உங்கள் வரிசையாகிவிடும்; பிறகு பிழையைக் கண்டுபிடிக்க வழியே இருக்காது. முதலில் மேடையேற்றப் பட்டியல், பேட்டி கடைசியில்.

பட்டியலில் ஒரு நாடகத்துக்கு ஒரு வரி போதாது. ஒவ்வோர் அரங்கிலும் தொடர்ந்து நடந்த காட்சிகளுக்குத் தனி வரி போடுங்கள். ஒரே நாடகம் கேப் டவுனில் ஒரு நடிகருடனும் அடுத்த ஆண்டு விழாவில் வேறு நடிகருடனும் போயிருக்கும். தலைப்பு, எழுதியவர், இயக்குநர், நடிகர்கள், ஒளியமைப்பாளர், அரங்கு, முதல் நாள், கடைசி நாள், சான்று, சான்றின் தரம் என்று பத்துக் கட்டம். கடைசிக் கட்டம்தான் உயிர். நேரில் பார்த்தவர் எழுதிய விமர்சனத்துக்கு 1, நிகழ்ச்சிக் கையேட்டுக்கு 2, விளம்பரத்துக்கும் முன்னறிவிப்புக்கும் 3, நினைவிலிருந்து சொன்னதற்கு 4. நாடகம் நடந்தது என்று 1 மட்டுமே உறுதி சொல்லும். 3 மட்டும் இருக்கும் வரியை "அறிவிக்கப்பட்டது" என்றே எழுதுங்கள். அறிவித்துவிட்டுக் கைவிட்ட நாடகங்கள் இந்தக் குழுக்களில் சாதாரணம்.

கையேட்டைப் புரட்டும்போது பெயர்களோடு நின்றுவிடாதீர்கள். பெரும்பாலும் ஒரே தாளை இரண்டாக மடித்ததுதான். உள்ளே ஒரு துண்டுச் சீட்டு செருகியிருந்தால் நடிகர் மாறியிருக்கிறார் என்று பொருள். ஸ்கேன் செய்பவர்கள் முதலில் தொலைப்பது அந்தச் சீட்டைத்தான். பின்பக்கத்தின் அடியில் அச்சகத்தின் பெயர் இருக்கும். நன்றி பட்டியலில் மரச்சாமான் கடையும் பள்ளிக்கூடமும் இருந்தால் அரங்கப் பொருள் எங்கிருந்து வந்தது என்று தெரியும். பல கையேடுகளில் தேதி இருக்கும், ஆண்டு இருக்காது. கிழமையையும் தேதியையும் நாள்காட்டியில் பொருத்தினால் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் அடங்கிவிடும்.

தேடலில் பலர் சறுக்கும் இடம் எழுத்துக்கூட்டல். ஆப்ரிகான்ஸில் உயிரெழுத்தின் தலையில் கூரைக்குறியும் இரட்டைப் புள்ளியும் வரும். கணினியில் ஏற்றிய பழைய நாளிதழ்களில் அவை உதிர்ந்திருக்கும். குறியோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை தேடுங்கள். தலைப்பின் முதலில் வரும் "டி" என்ற சுட்டுச் சொல்லைச் சில அட்டவணைகள் கணக்கில் எடுக்கும், சில எடுக்காது. "ஃபான் டெர்" என்று தொடங்கும் குடும்பப் பெயர்களிலும் இதே சிக்கல். நடிகைகள் திருமணத்துக்குப் பிறகு பெயர் மாற்றியிருந்தால் ஒருவரே இருவராகத் தெரிவார். குழுவின் பெயரும் ஒன்றாகவே இருக்கும் என்று நம்ப வேண்டாம். கேப் டவுனில் 1972-ல் தொடங்கிய 'தி ஸ்பேஸ்' அரங்குக்கு 'டி ரெய்ம்ட' என்று ஆப்ரிகான்ஸிலும் 'இன்டாவோ' என்று கோசா மொழியிலும் பெயர் உண்டு.

எங்கே தேடுவது? ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகம் இணையத்தில் நடத்தும் தென்னாப்பிரிக்க நாடகக் கலைக்களஞ்சியமான 'எசாட்' முதல் படி. ஆனால் அதைச் சான்றாகக் காட்டாதீர்கள்; அது உங்களை எந்தச் சான்றுக்கு அனுப்புகிறது என்று மட்டும் பாருங்கள். அடுத்தது புளூம்ஃபோண்டைன். அங்கே 1973-ல் திறந்த ஆப்ரிகான்ஸ் இலக்கிய அருங்காட்சியகம் இருக்கிறது. எழுத்தாளர்களின் கைப்பிரதிகளும் நறுக்குகளும் அங்கே கிடைக்கும். நாளிதழ்களில் கேப் டவுனுக்கு 'டி புர்கர்', ஜோகன்னஸ்பர்க்குக்கு 1974 முதல் 'பேல்ட்'. மாற்றுக் குரல்களுக்கு 1988 முதல் 1994 வரை வந்த 'ஃப்ரைய வீக்பிளாட்'டைப் பார்க்காமல் விடாதீர்கள். காணொளிப் பதிவைத் தேடும்போது ஒன்று நினைவிருக்கட்டும்: அந்த நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பே 1976 ஜனவரியில்தான் முறையாகத் தொடங்கியது. அதற்கு முந்தைய நாடகத்துக்கு வானொலி வடிவம் இருக்கிறதா என்று பாருங்கள்.

காகிதம் இல்லாத இடத்தில் சட்டம் நிற்கும். 1965-ல் வந்த பிரகடனம் ஒன்று, அனுமதி பெறாமல் பல இனத்தாரும் ஒரே அரங்கில் அமர்வதையும் ஒரே மேடையில் நடிப்பதையும் தடுத்தது. கேப் டவுனின் நிக்கோ மலான் அரங்கு 1971-ல் வெள்ளையருக்கு மட்டும் என்று திறந்து, 1975-ல்தான் எல்லோருக்கும் கதவைத் திறந்தது. 'ஸ்பேஸ்' போன்றவை உறுப்பினர் கிளப் என்ற போர்வையில் இதைத் தாண்டின. ஆகவே அந்தக் காலத்துக் குழுவுக்கு நாளிதழ் விளம்பரம் குறைவாக இருந்தால் நாடகமும் குறைவு என்று முடிவு கட்ட வேண்டாம். உறுப்பினர் பதிவேட்டையும் அவர்களுக்கு அஞ்சலில் போன சுற்றறிக்கையையும் தேடுங்கள்.

தணிக்கைக்கு 1963-லும் 1974-லும் இரண்டு சட்டங்கள். 1974 சட்டம் நூல், திரைப்படத்தோடு பொது நிகழ்ச்சிகளையும் தணிக்கைக் குழுக்களின் ஆய்வுக்கு உட்படுத்தியது. தணிக்கையாளர்களின் கோப்புகள் கேப் டவுன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. 20 ஆண்டு கடந்த அரசு ஆவணங்கள் பொதுவாக யாருக்கும் திறந்தவை. அங்கே கிடைக்கும் நாடகப் பிரதியும் மேடையில் நடித்த பிரதியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மேடை மேலாளரின் பிரதி கிடைத்தால் அதையே நம்புங்கள். அடித்தல் திருத்தலும் விளக்குக் குறிப்பும் பென்சிலில் இருக்கும் பிரதி அது.

நூல் அச்சான ஆண்டை மேடையேறிய ஆண்டாக எழுதுவது இன்னொரு பொதுப் பிழை. நாடகாசிரியர் பார்ட்டோ ஸ்மிட்டின் 'புட்ஸொண்டர்வாட்டர்' நாடகம் 1962-ல் நூலாக வந்தது; முதலில் மேடையேறியதோ பெல்ஜியத்தில்.

பணம் வந்த வழியைப் பின்தொடர்ந்தால் காலப் பகுப்பு தானாக அமையும். 1963-ல் மாகாணத்துக்கு ஒன்றாக நான்கு நிகழ்த்துகலை மன்றங்கள் வந்தன. அரசுப் பணம் அவற்றுக்குப் போனது, சோதனைக் குழுக்கள் அவற்றின் ஓரத்திலோ எதிரிலோ வாழ்ந்தன. 1994-க்குப் பிறகு மன்றங்கள் சுருங்க, கலை விழாக்கள் அந்த இடத்துக்கு வந்தன: 1995-ல் அவுட்ஸ்ஹூர்னில் க்ளெய்ன் கரூ விழா, 1998-ல் பொச்சஃப்ஸ்ட்ரூமில் ஆர்ட்க்ளோப். அதன்பின் பல குழுக்கள் விழாவுக்கு விழா கூடிக் கலைந்தன. விழாக் கையேடுகளை ஆண்டுவாரியாகப் புரட்டுங்கள். ஆனால் அவையும் முன்கூட்டி அச்சானவை, தரம் 3-தான். இங்கே ஒரு எச்சரிக்கை. க்ளெய்ன் கரூ விழாவுக்குப் பின்னால் நின்ற நிறுவனமே 'டி புர்கர்' நாளிதழுக்கும் உரிமையாளர். விமர்சகர்களைக் குறை சொல்லவில்லை, வாசகர் கடிதங்களையும் சேர்த்துப் படியுங்கள் என்கிறேன். 1998-ல் அந்த விழாவில் மார்ட்டினஸ் பாசன் இயக்கிய, கவிஞர் பிரைட்டன் பிரைட்டன்பாக்கின் 'பொக்லீட்' நாடகம் ஓடும்போது பார்வையாளர்கள் எழுந்து போனார்கள். இப்படிப்பட்ட நாடகத்துக்கு விமர்சனம் ஒரு கதை சொல்லும், கடிதப் பகுதி வேறு கதை சொல்லும், இரண்டும் வரலாறுதான்.

குழு பதிவு செய்யப்பட்டிருந்தால் கடிதத்தாளின் அடியில் எண் இருக்கும். முதல் நான்கு இலக்கம் பதிவான ஆண்டு. கடைசி இரண்டு 08 என்றால் லாப நோக்கமற்ற நிறுவனம், 07 என்றால் தனியார் நிறுவனம், 23 என்றால் சிறு தொழிலுக்கான எளிய அமைப்பு. பதிவான ஆண்டு குழு பிறந்த ஆண்டு அல்ல. மானியம் கேட்கப் பதிவு வேண்டும் என்றதும் ஓடிப்போய்ப் பதிந்திருப்பார்கள்.

இப்போது பேட்டிக்குப் போகலாம். நிறுவனரைவிட ஒளியமைப்பாளரும் மேடை மேலாளரும் தேதிகளைச் சரியாகச் சொல்வார்கள். "அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் பலமுறை சொல்லித் தேய்ந்த கதைதான் வரும். கையேட்டையோ படத்தையோ கையில் கொடுத்து, "இந்தக் கூடத்தில் எத்தனை விளக்கு? மின்சாரம் தாங்கியதா? நாற்காலி யாருடையது?" என்று கேளுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பாகப் பதியுங்கள். எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அங்கே நடைமுறையில் இருக்கிறது.

சுவரொட்டியை 400 டிபிஐ-யிலும் சிறு படங்களை 600-லும் 35 மிமீ நெகட்டிவை 3200-க்குக் குறையாமலும் டிஃப் கோப்பாக எடுங்கள். விஎச்எஸ் ஒளிநாடா அந்த நாட்டில் 'பால்' (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் பதிவானது. வினாடிக்கு 25 சட்டகம், படப்புள்ளிகள் 720க்கு 576. வேறு முறைக்கு மாற்றும் கருவி வழியாக ஓட்டினால் அசைவு துள்ளும். நாடாவில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டாதீர்கள். ஓட்டும் கருவியின் தலை அடைபட்டு அடுத்த நாடாவும் கெடும்.

படங்களை வெளியிடும் முன் உரிமையைப் பாருங்கள். 1978-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே. கலைந்துபோன குழு என்றால் அந்த உரிமை யாரிடம் என்பதே சிக்கலாகும். பழைய ரசீது ஒன்று கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். நாடக வரிகளை நீளமாக எடுத்தாள, நாடக, இலக்கிய உரிமைகளைக் கையாளும் அமைப்பான 'டால்ரோ'விடம் முதலில் விசாரியுங்கள். வேலை முடிந்ததும் மேடையேற்றப் பட்டியலைச் சான்றின் தரக் கட்டத்தோடு சேர்த்து, ஸ்கேன்களுடன் குறைந்தது இரண்டு காப்பகங்களுக்குக் கொடுத்துவிடுங்கள்.