ரோமானிய வெண்கலக் காசில் பச்சைப் பொடி தெரிகிறதா?

பழைய ரோமானிய வெண்கலக் காசு கிடைத்தால் புளி, எலுமிச்சை, பித்தளை பாலிஷ் பக்கமே போகாதீர்கள். பச்சையெல்லாம் அழுக்கல்ல. கெட்டியாக, வழவழவென்று படிந்த கரும்பச்சை காசுக்குக் கவசம். சுரண்டினால் எழுத்தும் போகும், விலையும் விழும். ஊசி பட்டதும் மாவாக உதிரும் வெளிர்பச்சைப் புள்ளிதான் ஆபத்து. உள்ளே தங்கிய குளோரைடு, ஈரக்காற்று பட்டு உலோகத்தை அரிக்கிறது. ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டால் பொடியை மெல்ல எடுத்துவிட்டு, காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டு, நீரை அடிக்கடி மாற்றுங்கள். வாரக்கணக்கில் ஆகும். குழாய்த் தண்ணீர் கூடாது, அதிலேயே குளோரைடு உண்டு. அப்புறம் நன்றாக உலர்த்தி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வையுங்கள். ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்துச் சின்னக் காசுகள் ஏராளம், விலையும் குறைவு. பழகிப்பார்க்க அவை போதும். நல்ல செஸ்டர்டியஸ் (ரோமானியர்களின் பெரிய காசு) என்றால், சரி, வல்லுநரிடமே கொடுத்துவிடுங்கள்.