மெட்டல் டிடெக்டர்: சென்சிடிவிட்டியைக் கூட்டுவதற்கு முன்

ஆழம் வேண்டுமென்று எடுத்த எடுப்பில் சென்சிடிவிட்டியை (கருவியின் உணர்திறனை) உச்சத்துக்கு ஏற்றிவிடாதீர்கள். பலரும் செய்யும் தவறு இதுதான். மண்ணிலுள்ள இரும்புத் தாதும் கடலோர ஈர மணலின் உப்பும் தாமே சிக்னல் தரும். அந்த இரைச்சலில் ஆழத்தில் கிடக்கும் நாணயத்தின் மெல்லிய ஒலி அமுங்கிப்போகும்.

முதலில் உலோகம் இல்லாத இடமாகப் பார்த்து கிரவுண்ட் பேலன்ஸ் செய்யுங்கள், அதாவது மண் தரும் சிக்னலைக் கருவி பொருட்படுத்தாதபடி அமையுங்கள். காயிலை (கருவியின் அடியிலுள்ள தலைப்பகுதியை) தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்குத் தூக்கி, ஓரிரு அங்குலம் வரை இறக்கி, ஒலி மாறாமல் நிற்கும்வரை சரிசெய்ய வேண்டும். மண் மாறினால் மறுபடியும். பிறகு சென்சிடிவிட்டியைக் கூட்டிக்கொண்டே போய், கருவி பிதற்றத் தொடங்கியதும் ஒரு படி குறைத்து நிறுத்துங்கள்.

வேண்டாத உலோகங்களை ஒதுக்கும் டிஸ்கிரிமினேஷனில்தான் நிதானம் தேவை. குளிர்பான டின்னின் அலுமினிய வளையத்தை ஒதுக்கினால் தங்க மோதிரமும் கூடவே போய்விடலாம். கருவிக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். நான் இரும்பை மட்டுமே ஒதுக்குவேன். ஃப்ரீக்வென்சி மாற்ற முடிந்தால், ஆழத்திலுள்ள வெள்ளி, செம்புக்கு 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ். பொடித் தங்கத்துக்கு 15க்கு மேல்.

சந்தேகமான சிக்னலா? 90 டிகிரி திரும்பி நின்று, அதே இடத்தின் மேல் காயிலை மறுபடி ஆட்டிப் பாருங்கள். கருவியின் திரையில் தெரியும் எண் பெரிதாக மாறாமல் வந்தால் தோண்டலாம்.