காதல் நகைச்சுவை நாவலுக்கு நம்ம ஊர் ஆட்களை உருவாக்குவது எப்படி?

காதல் நகைச்சுவை எழுத உட்காரும் பலர் முதல் பக்கத்திலேயே நாயகனின் உயரத்தையும் நாயகியின் கண்ணையும் வர்ணித்துவிடுகிறார்கள். வாசிப்பவருக்கு அதில் என்ன ஒட்டுதல் வரும்? பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வந்தவரைப் போன்ற ஒருத்திக்குக் காதல் வந்தால் மனசு தானாகக் கூடவே போகும். டெல்டாவை வைத்தே ஒரு கதை கட்டிப் பார்ப்போம்.

படி 1: வேலை கொடுங்கள்

அவள் மன்னார்குடிப் பக்கம் நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர். சீசன் வேலை. அவன் அப்பாவின் குறுவை நெல்லைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறான். ஈரப்பதம் வழக்கமாக 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மெஷின் 19 காட்டுகிறது. 'காயவச்சு எடுத்துட்டு வாங்க' என்கிறாள். சந்திப்பு முடிந்தது. இருவரும் மோதிக்கொண்டு ஃபைல் சிதறும் காட்சியெல்லாம் தேவையே இல்லை.

படி 2: மறைக்க ஒரு விஷயம்

சென்னையில் அவனுக்கு வேலை போய்விட்டது. ஊரில் 'லீவுல வந்திருக்கேன்' என்று சொல்லி வைத்திருக்கிறான். அவளுக்குக் கணக்கு உதைத்துவிடுமோ என்ற பயம். 40 கிலோ மூட்டைகளை மூன்று தடவை எண்ணுவாள்.

படி 3: சிரிப்பு

இங்கே அவசரப்படாதீர்கள். ரோட்டில் நெல்லைப் பரப்பி, நாள் முழுக்கக் காலால் துழாவுகிறான். மூன்றாம் நாள் 16 வந்துவிடுகிறது. எடை போட்டுவிட்டுப் போகலாம். ஆனால் மதியம் இன்னொரு கைப்பிடி நெல்லோடு வந்து நிற்கிறான்.

'மேடம், இன்னும் ஒரு தடவை பார்த்துடுங்களேன்.'

'காலையிலேயே சரியா இருந்துச்சே.'

'இது அடியில கெடந்த நெல்லுங்க.'

பார்க்கிறாள். 16. ஒன்றும் சொல்லாமல் அவன் டோக்கனை எடுத்து, காத்திருக்கும் டோக்கன் கட்டின் அடியில் செருகுகிறாள்.

வாசகர் சிரிப்பது இருவரும் எதை மறைக்கிறார்கள் என்று தெரிந்ததால். இதற்குப் பதில் அவன் நிறத்தையோ அவள் உடம்பையோ கிண்டல் செய்தால், நான் அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிடுவேன். நம்மில் ஒருவரைச் சீண்டினால் நமக்கும்தான் வலிக்கும்.

படி 4: தடை

வில்லன் வேண்டாம், வானமே போதும். குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் அக்டோபரில் முட்டிக்கொள்ளும். நெல் வெளியே குவியலாகக் கிடக்கிறது. சீசன் முடிந்தால் அவள் வேலையும் முடிந்தது.

படி 5: கூப்பிடும் விதம்

'மேடம்' எந்த அத்தியாயத்தில் 'ஏங்க' ஆகிறது என்று முன்பே குறித்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் மாற்றிவிடாதீர்கள், அந்த ஒரு சொல்லுக்காக வாசகர் நூறு பக்கம் காத்திருப்பார்.

சரி, இன்றைக்கு ஒரு காட்சி எழுதிப் பாருங்கள். திடீர் மழை. தார்ப்பாயின் ஒரு முனை அவள் கையில், இன்னொன்று அவன் கையில். வேலை போனதை அவன் அப்போது சொல்கிறான். 'காதல்' என்ற சொல் மட்டும் எங்கும் வரக் கூடாது.