மினிமலிஸ்ட் வீடு மருத்துவமனை வராந்தாவாகிவிடுவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையிலும் கோவையிலும் புதிதாக எழும் அடுக்குமாடி வீடுகள் பலவற்றின் உள்ளே நுழைந்தால் ஒரே காட்சிதான். வெள்ளைச் சுவர், நாலுக்கு இரண்டு அடி அளவில் பளபளக்கும் வெள்ளை விட்ரிஃபைட் டைல்ஸ், கைப்பிடி இல்லாத சாம்பல் நிற அலமாரிக் கதவுகள், கூரை முழுக்கப் பதித்த டவுன்லைட்டுகள், நடுவே ஒரு சோபா. தேவையானதை மட்டும் வைத்துக்கொள்ளும் இந்த மினிமலிஸ்ட் பாணி புகைப்படத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வந்தவர்கள் காபியைக் குடித்த கையோடு எழுந்துவிடுகிறார்கள்.

பொருட்கள் குறைவாக இருப்பதால்தான் வீடு வெறிச்சென்று தெரிகிறது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்காரர்கள் அலங்காரச் சாமான் வாங்கக் கிளம்புகிறார்கள். ஒரு புத்தர் தலை, இரண்டு பிளாஸ்டிக் செடி, ஆங்கில வாசகம் எழுதிய ஒரு மரப்பலகை வந்து சேர்கின்றன. மற்றத் தவறுகள் எல்லாவற்றுக்கும் தாய் இந்தத் தவறுதான். வெறுமை பொருட்களின் எண்ணிக்கையால் வருவதில்லை. கண் படுகிற, கால் மிதிக்கிற, கை தொடுகிற பரப்புகள் அத்தனையும் ஒரே வழவழப்பும் ஒரே வெளுப்புமாக இருப்பதால் வருகிறது. பரப்புகளை அப்படியே விட்டுவிட்டுப் பத்துப் பொம்மைகளை அடுக்கினால், பத்துப் பொம்மைகள் வைத்த மருத்துவமனை வராந்தாதான் மிஞ்சும்.

இதற்குச் சான்று புதுச்சேரியில் நிற்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி, செக் நாட்டில் பிறந்த அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்த கான்கிரீட் கட்டடம். 1930களின் பிற்பகுதியில் பணி தொடங்கியது. பின்னாளில் மரச்சாமான் வடிவமைப்பில் பெரும்புகழ் பெற்ற ஜார்ஜ் நாகஷிமா அங்கேயே தங்கிக் கட்டுமானத்தைப் பார்த்துக்கொண்டார். அறைகளில் வாழத் தேவையானவற்றைத் தவிர வேறெதுவும் இல்லை. ஆனால் தரையில் கருங்கடப்பைக் கல், அறைக்கு அறை காற்று புகுந்து வெளியேறும்படி தேக்குச் சட்டங்களால் ஆன தள்ளு கதவுகள், செட்டிநாட்டு முறையிலான சுண்ணாம்புப் பூச்சு, வெளிப்புறத்தில் வேண்டியபடி திருப்பி வைத்துக்கொள்ளும் கிடைப்பலகைகள். அந்தப் பலகைகளின் வழியே வெயில் வடிந்து, வெளிச்சமாக மட்டும் உள்ளே வருகிறது. ஒரு பூச்சாடிகூட இல்லாமலே அந்த அறை நிறைந்திருக்கும்.

விளக்கில் செய்யும் பிழைகள்

செலவு குறைவாகவும் சேதம் அதிகமாகவும் உள்ள தவறு விளக்கில்தான் நடக்கிறது. கடையில் எல்இடி பல்பு என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் கையில் கொடுப்பது 6500 கெல்வின் ‘கூல் டேலைட்’. நீலம் ஏறிய வெள்ளை அது. அந்த வெளிச்சத்தில் தேக்கு சாம்பல் பூத்துத் தெரியும். சாம்பாரின் நிறம் செத்துப்போகும். வந்தவர் முகத்தில் களை இருக்காது. ஹாலுக்கும் படுக்கையறைக்கும் 2700 முதல் 3000 கெல்வின் வரை உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். சமையல் மேடைக்கும் பிள்ளைகள் படிக்கும் மேசைக்கும் 4000 பொருத்தம். எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். பெட்டியின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். நிறங்களை உள்ளபடி காட்டும் தன்மைக்கு சிஆர்ஐ என்று இன்னோர் எண் உண்டு. அது 90க்கு மேல் இருந்தால் நல்லது. ஒரே அறையில் இரண்டு வெளிச்ச நிறங்களைக் கலக்காதீர்கள். கலந்தால் இரண்டுமே அழுக்காகத் தெரியும்.

இங்கே வீட்டுப் பெரியவர்களிடமிருந்து ஓர் எதிர்ப்பு வரும். “லோ வோல்டேஜ் வந்த மாதிரி இருக்கிறதே” என்பார்கள். நாற்பது வாட் குண்டு பல்பில் படித்து, டியூப்லைட்டை முன்னேற்றமாக வரவேற்ற தலைமுறை அது. அவர்கள் பேச்சில் நியாயம் இருக்கிறது. அவர்கள் குறைப்படுவது மஞ்சளைப் பற்றியல்ல, போதாத வெளிச்சத்தைப் பற்றி. ஒரே வாட்டில் மஞ்சள் எல்இடி, வெள்ளை எல்இடியைவிடப் பெரும்பாலும் சற்றுக் குறைவான லூமன்தான், அதாவது வெளிச்சம்தான் தருகிறது. ஆகவே நிறத்தை மாற்றும்போது விளக்குகளையும் ஒன்றிரண்டு கூட்டுங்கள். அப்பா செய்தித்தாள் படிக்கும் நாற்காலிக்குப் பக்கத்தில் அவருக்கென்று ஒரு விளக்கு வைத்துவிட்டால் வாக்குவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

நிறத்தைவிடப் பெரிய பிழை, வெளிச்சம் மொத்தத்தையும் கூரையிலிருந்து கொட்டுவது. கண்ணுக்குக் கீழே குழி விழுந்தது போல நிழல் படியும். அறையில் வெளிச்சமான இடம், நிழலான இடம் என்ற வேறுபாடே இருக்காது. உட்கார்ந்தவரின் கண் மட்டத்திலும் அதற்குக் கீழேயும் விளக்குகள் வேண்டும்: துணி அல்லது காகிதக் கூடு போட்ட மேசை விளக்கு, மூலையில் ஒரு நிற்கும் விளக்கு, அலமாரித் தட்டுக்கு அடியில் ஒரு பட்டை. இதற்கெல்லாம் சோபா மூலைகளில் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் பிளக் பாயின்ட் தேவை. எலக்ட்ரீஷியன் சுவரை வெட்டிப் பைப் பதிக்கும் நாளிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும். பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்த பிறகு நினைவு வந்தால், பளிச்சென்ற சுவரில் ஒயர் பட்டை ஓட்டுவதைத் தவிர வழியில்லை.

மின்விசிறி இல்லாத நாட்டு வீட்டுப் படங்களைப் பார்த்துக் கூரையைத் திட்டமிடுவதால் இன்னொரு கூத்தும் நடக்கிறது. 1200 மில்லிமீட்டர் விசிறியின் இறக்கை நடுவிலிருந்து இரண்டடி வரை நீள்கிறது. அந்த வட்டத்துக்குள் ஃபால்ஸ் சீலிங்கில் டவுன்லைட் பதித்தால், விசிறி சுற்றும்போதெல்லாம் வெளிச்சம் வெட்டுப்பட்டு அறையே துடிக்கும். அகலமாகப் பரவும் விளக்கானால் இன்னும் தள்ளிப் பதிக்க வேண்டும்.

வெள்ளை எல்லா ஊருக்கும் ஒன்றல்ல

நாம் ஆசைப்படும் மினிமலிஸ்ட் படங்களில் பல, ஸ்வீடன், டென்மார்க் வீடுகளுடையவை. ஸ்டாக்ஹோமில் டிசம்பர் பகல் ஆறு மணி நேரம்தான். கிடைக்கிற சொற்ப வெளிச்சத்தை அறைக்குள் சுற்றிவரச் செய்ய அங்கே வெள்ளைச் சுவர் உதவுகிறது. சென்னையிலோ ஆண்டின் மிகக் குறுகிய பகலே பதினோரு மணி நேரத்தைத் தாண்டுகிறது. ஏப்ரல் மதியத்தில் மேற்குப் பார்த்த ஜன்னலும், சுத்த வெள்ளைச் சுவரும், பளபளக்கும் வெள்ளைத் தரையும் சேர்ந்தால் கண் கூசும். கண் கூசுகிற இடத்தில் யாரும் சாய்ந்து உட்கார மாட்டார்கள்.

அதே படங்களைப் பார்த்து ஆட்டுத்தோல் விரிப்பும் தடித்த கம்பளியும் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கடலோர ஊரின் ஈரக் காற்றில் அவை ஒரு மழைக்காலத்தைத் தாண்டுவதே பெரிது. தூசியும் பூஞ்சை வாடையும்தான் மிஞ்சும்.

வெள்ளையை விடவே வேண்டாம். மஞ்சளோ செம்மண்ணோ ஒரு துளி கலந்த வெள்ளையை, மினுமினுப்பு இல்லாத மேட் பூச்சில் தேர்ந்தெடுத்தால் போதும். ஷேட் கார்டில் விரலகலத் துண்டைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். இரண்டு சுவர்களில் இரண்டடிச் சதுரம் அடித்துப் பார்த்து, காலையிலும் உச்சி வெயிலிலும் இரவு விளக்கிலும் கவனியுங்கள். விளக்கை முதலில் மாற்றிவிட்டு நிறத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் சரியான வரிசை. சாம்பல் நிறத்தைப் பொறுத்தவரை என் கருத்து கடுமையானது: மரமும் துணியும் நிறைய உள்ள வீட்டில் அது அடக்கமாக இருக்கும்; அவை இல்லாத வீட்டில் நிரந்தர மேகமூட்டம்தான்.

தரை இனிமேல்தான் என்றால், சிவப்பு ஆக்சைடு கலந்த சிமென்ட் தரையையும் ஆத்தங்குடிக் கல்லையும் ஒருமுறை நேரில் பார்த்துவிடுங்கள். ஆத்தங்குடி என்றதும் பூவேலைதான் நினைவுக்கு வரும். பூ இல்லாமல் ஒற்றை நிறத்திலும் கிடைக்கிறது. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமென்ட்டை வார்த்து, சூளையில் சுடாமல், தண்ணீரில் ஊறவைத்துச் செய்வது அது. கையால் வார்ப்பதால் ஒரு கல்லைப் போல இன்னொன்று அச்சு அசலாக இருக்காது. அந்தச் சின்ன ஏற்றத்தாழ்வுதான் வெறும் தரையைப் பார்க்கத் தூண்டுகிறது. ஒரே எச்சரிக்கை: சிமென்ட் என்பதால் ஆசிட் கலந்த திரவத்தால் துடைக்கக் கூடாது.

காதை மறந்துவிடுவது

குடிவந்த புதிதில் ஹால் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். ஒலி சுவரில் பட்டுத் திரும்பி வந்தால், அந்த அறையில் நாலு பேர் சேர்ந்து பேசும்போது ஒவ்வொருவரும் குரலை உயர்த்த வேண்டியிருக்கும். சற்று நேரத்தில் களைப்பு வரும். வீடு ஏனோ ஒட்டவில்லை என்று பலர் சொல்வதற்குக் காரணம் கண்ணில் இல்லை, காதில் இருக்கிறது. கண்ணாடி, டைல்ஸ், லேமினேட் மூன்றும் ஒலியை விழுங்காது. துணியும் புத்தகமும்தான் விழுங்கும்.

ஆகவே திரைச்சீலையைச் சிக்கனப்படுத்துவது தவறு. ஜன்னல் அளவுக்கு மட்டும் தொங்கும் துணி, சட்டை சிறுத்துப்போன பிள்ளை மாதிரி நிற்கும். கூரைக்கு அருகில் கம்பி போட்டு, தரை தொடும் வரை இறக்கி, ஜன்னலின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு துணி எடுத்தால் மடிப்பு விழுந்து ஒலியும் அடங்கும். பருத்தியோ லினனோ போதும்.

தரைக்குப் பவானி ஜமுக்காளத்தை மிஞ்சியது இல்லை என்று துணிந்து சொல்வேன். கனமான நெசவு, துவைக்கலாம், வெயிலில் போடலாம், கோடையில் சுருட்டி வைத்துவிட்டுக் குளிர்ந்த தரையில் படுக்கலாம். கல்யாண மண்டபங்களில் விரித்துப் பழகியதாலேயே அதை ஹாலுக்குப் போடத் தயங்குகிறார்கள். எந்த விரிப்பானாலும் அளவில் கஞ்சத்தனம் கூடாது. டீபாய்க்கு அடியில் மட்டும் கிடக்கும் சிறு விரிப்பு அறையை இன்னும் சிறிதாக்கிக் காட்டும். சோபாவின் முன்கால்களாவது அதன் மேல் நிற்க வேண்டும்.

உட்கார்ந்தவருக்கு டம்ளர் வைக்க இடம் எங்கே?

நம் வீடுகளுக்கு ஒருவர் வந்தால் கூடவே ஐந்து பேர் வருவார்கள். மூன்று பேர் சோபா ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, எதிரே டிவியை மாட்டிவிட்டால் எல்லோரும் ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். சோபாவைச் சுவரிலிருந்து அரை அடியாவது முன்னால் இழுங்கள். எதிரில் இரண்டு நாற்காலிகளைக் குரல் உயர்த்தாமல் பேசும் தூரத்தில் போடுங்கள். இரண்டு மோடாவும் ஒரு திண்டும் ஓரமாக இருந்தால் குழந்தைகளுக்கும் இடம் கிடைத்துவிடும். ஒவ்வொரு இருக்கையிலிருந்தும் கை எட்டும் தூரத்தில் ஒரு முக்காலி இருக்கட்டும். டபராவை மடியில் வைத்துக்கொண்டு காபி ஆற்றும் விருந்தாளி அடுத்த முறை வாசலோடு பேசிவிட்டுப் போய்விடுவார்.

ஒளித்துவைப்பதிலும் அளவு உண்டு

சுத்தமான தோற்றத்துக்காகப் பரணை நீக்கிவிடுகிறவர்கள் நவராத்திரி வரும்போது விழிப்பார்கள். கொலுப்படி, பொம்மைப் பெட்டிகள், பொங்கல் பானை, விருந்தாளிக்கான மெத்தை, பயணப் பெட்டிகள் எல்லாம் எங்கே போகும்? பால்கனிக்கும் கட்டிலுக்கு அடியிலும் போகும். குறைவான பொருட்கள் கண்ணில் பட வேண்டுமென்றால் அதற்கேற்ற மூடிய இடம் முதலில் வேண்டும்.

எதிர்முனைத் தவறு, அத்தனையையும் மூடிவிடுவது. யார் வாழ்கிறார்கள் என்பதற்கு ஒரு தடயமும் இல்லாத ஹாலில் வந்தவருக்குப் பேச்சே எடுபடாது. படித்துக்கொண்டிருக்கும் புத்தகங்கள், வாசிக்கிற வீணை, பாட்டி கொடுத்த பித்தளைக் குத்துவிளக்கு ஆகியவை வெளியில் இருக்கலாம். பித்தளை தன்மேல் பட்ட ஒளியைப் பொன்னிறமாகத் திருப்பித் தருவதால் வெளிறிய அறையில் அது தனியாக வேலை செய்யும். ஆனால் காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்குப் போய் முறம், உரல், வண்டிச் சக்கரம் என்று லாரி ஏற்றி வந்துவிட வேண்டாம். ஒரு பழைய மரத் தூணோ கதவோ வந்தால், அதற்கு இடம்விட்டு மற்றவை ஒதுங்கி நிற்கட்டும். மர நிறங்களையும் இரண்டுக்கு மேல் போகவிடாதீர்கள்.

ஏற்கெனவே எல்லாம் முடிந்துவிட்ட வீடு என்றால்

டைல்ஸை உடைப்பதில் இறங்காதீர்கள். முதலில் பல்புகளை மாற்றுங்கள். அன்று மாலையே வித்தியாசம் தெரியும். அடுத்தது திரைச்சீலையும் விரிப்பும். ஒரு மாதம் அப்படியே வாழ்ந்து பார்த்தபிறகு சுவர் நிறத்தைப் பற்றி யோசிக்கலாம். பளபளப்பு லேமினேட் ஒட்டிய அலமாரியைப் பிரித்துப் போட வேண்டியதில்லை. உள்கூட்டை வைத்துக்கொண்டு கதவுகளை மட்டும் மேட் பூச்சுக்கோ வெனீர் எனப்படும் மெல்லிய உண்மையான மரத் தகட்டுக்கோ மாற்றலாம். கார்பென்டர் அளவெடுக்க வரும்போது கீல்களையும் சோதிக்கச் சொல்லுங்கள். புதுக் கதவு கனமாக அமைந்துவிட்டால் பழைய கீல்கள் தாங்காமல் சில மாதங்களில் கதவு தொங்கத் தொடங்கும்.