முன்கூட்டியே ஓய்வா? வீட்டுச் செலவை வருடக் கணக்காகப் போடும் முறை

58 வயதுக்கு முன்பே வேலையை விடுகிறவர்களிடம் "மாசம் எவ்வளவு செலவாகும்?" என்று கேட்டால் சட்டென்று ஒரு தொகை சொல்வார்கள். பெரும்பாலும் அது மளிகை, பால், காய்கறி, பெட்ரோல், போன் எல்லாம் சேர்ந்த தொகையாக இருக்கும். அதை மட்டும் நம்பி வேலையை விட்டால் முதல் வருடமே இடிக்கும். சம்பளம் வந்துகொண்டிருந்த காலத்தில் தீபாவளிச் செலவைப் போனஸ் பார்த்துக்கொண்டது. வீட்டுக்கு வெள்ளையடிக்க லீவ் சரண்டர் பணம் வந்தது. கல்யாணம் காட்சிக்கு பி.எஃப்.பில் அட்வான்ஸ் போட்டோம். வேலையை விடும் நாளில் இந்த வழிகள் எல்லாம் ஒன்றாக அடைபடுகின்றன. அதனால் மாதக் கணக்குக்கு முன்னால் வருடக் கணக்குப் போட வேண்டும். தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்து, 50களில் வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) வாங்கும் அல்லது தாமாகவே விலகும் குடும்பங்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதல் படி: போன 12 மாதத்தை எழுதுங்கள்

ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள். வங்கியில் 12 மாத ஸ்டேட்மென்ட் வாங்குங்கள். கிரெடிட் கார்டு இருந்தால் அதற்கும் தனியாக வாங்குங்கள். யு.பி.ஐ.யில் போனது வரிவரியாக அதிலேயே இருக்கும். ஏ.டி.எம்.மில் எடுத்த பணம் எங்கே போனது என்பதை வீட்டில் இருப்பவரோடு உட்கார்ந்து பேசித்தான் கண்டுபிடிக்க முடியும்.

ஒரு நோட்டில் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். மாதாமாதம் தவறாமல் வருவது முதல் பக்கம். மற்றதெல்லாம் இரண்டாம் பக்கம். தமிழ்நாட்டில் கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருவதால் அதுவும் இரண்டாம் பக்கத்துக்குத்தான் போகும். பக்கத்துக்குப் பத்துத் தலைப்பு போதும். கொத்தமல்லி, கறிவேப்பிலை வரைக்கும் பிரித்து எழுத ஆரம்பித்தால் மூன்றாவது மாதம் நோட்டை மூடி வைத்துவிடுவீர்கள்.

இரண்டாம் படி: இரண்டு பக்கத்தையும் கூட்டுங்கள்

ஒரு மாதிரிக் கணக்கு. திருச்சியில் சொந்த வீடு, கணவருக்கு 54, மனைவிக்கு 50, பிள்ளைகள் படிப்பு முடிந்துவிட்டது. முதல் பக்கம் மாதம் 27,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இனி இரண்டாம் பக்கத்தின் ஒரு வருடத் தொகை:

கரண்ட் பில், ஆறு முறை: 15,000
சொத்துவரி, தண்ணீர் வரி: 8,000
மருத்துவக் காப்பீடு: 42,000
வண்டி இன்சூரன்ஸ், சர்வீஸ்: 16,000
மொய், சீர்: 45,000
பொங்கல், தீபாவளி, துணிமணி: 30,000
குலதெய்வக் கோயில், ஊர்ப் பயணம்: 30,000
வீட்டு ரிப்பேர்: 24,000
பிரிட்ஜ், மோட்டார், இன்வெர்ட்டர் பேட்டரி மாற்ற: 20,000
கண், பல், ரத்தப் பரிசோதனை: 22,000

மொத்தம் 2,52,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 21,000. ஆக, இந்த வீட்டின் உண்மையான மாதச் செலவு 48,000. அதாவது நாம் வாயால் சொல்லும் தொகைக்குக் கிட்டத்தட்ட இன்னொரு பங்கு, கண்ணில் படாமலே ஓடிக்கொண்டிருக்கிறது.

பிரிட்ஜும் பேட்டரியும் வருடாவருடம் மாற்றுவதில்லைதான். ஆனாலும் ஒவ்வொன்றின் விலையையும் அது உழைக்கும் வருடங்களால் வகுத்து எழுதி வையுங்கள். 16,000 ரூபாய் பேட்டரி நான்கு வருடம் உழைத்தால் வருடத்துக்கு 4,000. சொத்துவரி அரையாண்டுக்கு ஒரு முறை. ஏப்ரல் 30க்குள், அக்டோபர் 31க்குள் கட்டிவிட்டால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை. அந்த இரண்டு தேதியையும் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

மூன்றாம் படி: குறைவது எது, கூடுவது எது

ஆபீஸ் போக்குவரத்து, வெளியில் டீ, டிபன், கலெக்‌ஷன் என்று கொடுத்தது எல்லாம் குறையும். கூடுவதைத்தான் மறந்துவிடுகிறோம். பகலில் ஆள் வீட்டில் இருந்தால் மின்விசிறி, ஏ.சி., டி.வி. ஓடும். கம்பெனி கொடுத்த போன் கனெக்‌ஷன் போய்விடும். "நீங்கதான் ப்ரீயா இருக்கீங்களே" என்று நிச்சயதார்த்தம் முதல் காரியம் வரை எல்லாவற்றுக்கும் முதல் நாளே கூப்பிடுவார்கள். போகத்தான் வேண்டும், அதில் தவறே இல்லை. பயணச் செலவை மட்டும் முன்கூட்டியே கூட்டி எழுதிக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: மருத்துவக் காப்பீட்டை வேலையில் இருக்கும்போதே எடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். கம்பெனி கொடுத்த குழுக் காப்பீடு பெரும்பாலும் வேலையின் கடைசி நாளோடு முடிந்துவிடும். ஏற்கெனவே சர்க்கரை, பிரஷர் இருந்தால் புதுப் பாலிசியில் அதற்கான காத்திருப்புக் காலம் 3 வருடம் வரை இருக்கலாம். அதனால் விலகுவதற்குச் சில மாதம் முன்பே, அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற முடியுமா என்று கேளுங்கள். அப்படி மாறினால் குழுவில் இருந்த வருடங்களைக் காத்திருப்புக் காலத்தில் கழித்துக்கொள்ள வழி இருக்கிறது. உடம்பில் இருப்பது எதையும் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். மறைத்தால் ஆஸ்பத்திரியில் இருக்கும் நாளில் கிளைம் நின்றுபோகும்.

தனிநபர் மருத்துவ பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. கிடையாது. ஆனால் வயது ஏற ஏற பிரீமியமும் ஏறும். இந்த ஒரு செலவுக்கு மட்டும் வருடம் 10 சதவீதம் கூட்டிப் போடுவது நல்லது.

ஐந்தாம் படி: மொய் நோட்டைத் திறங்கள்

பட்ஜெட் பற்றி எழுதுகிறவர்கள் அதிகம் தொடாத இடம் இது. நம் ஊரில் மொய் என்பது பாதி கடன், பாதி உறவு. உங்கள் வீட்டு விசேஷத்தில் எழுதிய மொய் நோட்டை எடுத்து, யார் எவ்வளவு செய்தார்கள், அவர்கள் வீட்டில் அடுத்த மூன்று வருடத்தில் என்ன விசேஷம் வரும் என்று ஒரு பட்டியல் போடுங்கள். கல்யாண வயதில் யார் இருக்கிறார்கள், யார் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாததா? வாங்கியதை விடக் கொஞ்சம் கூட்டிச் செய்வதுதான் வழக்கம். அந்தக் கூடுதலையும் சேர்த்தே எழுதுங்கள்.

தாய்மாமன் சீர் செய்ய வேண்டிய இடம் இருந்தால் அதைத் தனியாக எழுதுங்கள். மருமகளுக்குக் காதுகுத்தோ பூப்பு நீராட்டோ வந்தால் நகை வாங்க வேண்டியிருக்கும். தங்கத்துக்கு ரூபாயில் பட்ஜெட் போட்டால் விலை ஏறும்போது கணக்கு உடையும். "இவளுக்கு 8 கிராம்" என்று கிராமில் முடிவு செய்து, இப்போதிருந்தே ஒவ்வொரு கிராமாக வாங்கி வையுங்கள். வேலையில் இருந்தபோது செய்த அளவுக்கு இனிமேலும் செய்ய முடியுமா என்பதைக் கணவனும் மனைவியும் இப்போதே மனம்விட்டுப் பேசிவிட வேண்டும். மண்டப வாசலில் நின்று முடிவு செய்தால் கை தாராளமாகத்தான் போகும்.

ஆறாம் படி: வரும் பணத்துக்குத் தேதி போடுங்கள்

வயது இங்கே முக்கியம். இ.பி.எஃப்.போடு சேர்ந்த ஓய்வூதியம் 58 வயதில்தான் முழுதாக வரும், அதுவும் 10 வருட சர்வீஸ் இருந்தால். 50 முதல் கேட்கலாம், ஆனால் முன்னால் வாங்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் குறைப்பார்கள், அது ஆயுள் முழுக்கத் தொடரும். கையில் வேறு வழி இருந்தால் 58 வரை பொறுப்பது மேல்.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 2025ல் வட்டி 8.2 சதவீதம், உச்ச வரம்பு 30 லட்சம். பொதுவாக 60 வயது ஆக வேண்டும். 55 முதல் 60க்குள் ஓய்வு பெற்றவர்கள், ஓய்வுப் பணம் கைக்கு வந்த 3 மாதத்துக்குள் போட்டால் சேரலாம். 54ல் விலகிப் பணத்தையும் வாங்கிவிட்டால் 60 வரை இந்தக் கதவு மூடித்தான் இருக்கும். விலகும் தேதியை நீங்களே முடிவு செய்ய முடியுமானால், 55 தாண்டும் வரை தள்ளிப்போட இது ஒன்றே போதுமான காரணம்.

நம் திருச்சிக் குடும்பத்துக்கு வருவோம். அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் கூட்டுக் கணக்கில் 15 லட்சம் போட்டால் 7.4 சதவீதத்தில் மாதம் 9,250. மாடி வாடகை 9,000. இரண்டும் சேர்த்து 18,250. தேவை 48,000. மீதி 29,750, அதாவது வருடத்துக்கு 3,57,000, சேமிப்பிலிருந்து வர வேண்டும். இரண்டு வருடத்துக்கான இந்தப் பணத்தை, சுமார் 7,14,000 ரூபாயை, பங்குச் சந்தை பக்கம் கொண்டுபோகாமல் வங்கி எஃப்.டி.யில் வையுங்கள். ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் டெபாசிட் காப்பீடு, ஆகவே இரண்டு வங்கியில் பிரித்துப் போடுங்கள்.

அப்புறம், செலவுக்கு இரண்டு சேமிப்புக் கணக்கு வேண்டும். மாதம் 1ஆம் தேதி ஒன்றுக்கு 27,000, இன்னொன்றுக்கு 21,000 போகும்படி வங்கியில் சொல்லி வைத்துவிடுங்கள். முதல் கணக்கு மளிகைக்கும் பாலுக்கும். இரண்டாவதை வருடச் செலவுகளைத் தவிர வேறெதற்கும் தொடக் கூடாது. அதன் ஏ.டி.எம். கார்டைப் பீரோவில் வைத்துவிடுவதே நல்லது.

பி.எஃப்., கிராஜுவிட்டி வந்த செய்தி உறவுக்குள் பரவத்தான் செய்யும். கைமாற்று கேட்பார்கள், அதிக வட்டி தருவதாகவும் சொல்வார்கள். யாருக்கு எவ்வளவு வரை கொடுப்பது என்று முன்னமே ஒரு தொகை முடிவு செய்து, அது திரும்பி வராவிட்டாலும் வீடு நடக்குமா என்று பாருங்கள். பதிவு செய்யாத சீட்டில் ஓய்வுப் பணத்தை ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள்.

ஏழாம் படி: விலைவாசியைச் சேருங்கள்

விலை வருடம் 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் செலவு இரட்டிப்பாகும். இன்றைய 48,000, கணவருக்கு 66 வயதாகும்போது ஏறக்குறைய 96,000. சேமிப்பில் வருடம் 4 சதவீதம் எடுத்தால் போதும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994ல் அமெரிக்கச் சந்தை விவரங்களை வைத்து, 30 வருட ஓய்வுக் காலத்துக்குப் போட்ட கணக்கு. நம் விலைவாசி வேறு. 50ல் ஓய்வு பெற்றால் 40 வருடம்கூட ஓட வேண்டியிருக்கலாம். 3 சதவீதத்துக்குப் பக்கத்தில் நிற்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

எட்டாம் படி: மூன்று மாதத்துக்கு ஒரு முறை உட்காருங்கள்

ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் ஞாயிறு. இருவரும் சேர்ந்து ஒரு மணி நேரம். வருடச் செலவுக்கான இரண்டாவது கணக்கில் மீதி எவ்வளவு, அடுத்த மூன்று மாதத்தில் எந்தப் பில் வரும், எது எதிர்பார்த்ததைத் தாண்டியது என்று மட்டும் பாருங்கள். தாண்டிய செலவைத் திட்டிக்கொண்டு இருக்காமல், அடுத்த வருடத்துக்கு அந்தத் தொகையை உண்மைக்கு ஏற்பத் திருத்துங்கள். எல்லாக் கணக்கிலும் நாமினி பெயர் இருக்கிறதா என்று ஏப்ரலில் ஒரு முறை சரிபாருங்கள். நோட்டை எழுதுவது ஒருவர் என்றால், வங்கிக்குப் போய்ப் பாஸ்புக் பதிந்து வருவது மற்றவராக இருக்கட்டும்.