ரெட்டினா ஆபரேஷன் ஆன கண்ணுல புரை எடுக்கப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

எங்க அம்மாவுக்கு ரெட்டினா (கண்ணுக்குள்ள பின்பக்கம் இருக்கற விழித்திரை) விலகி விட்ரெக்டமி (கண்ணுக்குள்ள இருக்கற ஜெல்ல எடுக்கற ஆபரேஷன்) பண்ணி ஒன்றரை வருஷத்துல அதே கண்ணுல புரை வந்துடுச்சு. பயந்தே போயிட்டோம், ஆனா 50 வயசு தாண்டினவங்களுக்கு இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் 2 வருஷத்துக்குள்ள புரை முத்துறது சகஜம்தானாம்.

நாங்க பண்ண பெரிய தப்பு, புரைதானேன்னு பழைய ஃபைல் எடுக்காம போனது. டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "உள்ள ஆயில் இருக்கா, எடுத்தாச்சா? பக்கிள் போட்டிருக்கா?" அம்மா என்னைப் பாக்கறாங்க, நான் அம்மாவப் பாக்கறேன். ஆயில்னா ரெட்டினா ஒட்டி நிக்கறதுக்காக ஜெல்லுக்குப் பதிலா உள்ள விடற சிலிக்கான் எண்ணெய், பக்கிள்னா கண்ணைச் சுத்தி வெளிப்பக்கம் போடற பட்டை.

ஏன் கேக்கறாங்கன்னா, புரையை எடுத்துட்டு வைக்கற செயற்கை லென்ஸோட பவரைக் கணக்குப் போட கண்ணோட நீளத்த அளக்கணும். ஏ-ஸ்கேன் ஒலிய வச்சு அளக்குது, சாதாரண கண்ணுக்குள்ள நொடிக்கு சுமார் 1532 மீட்டர் போற ஒலி சிலிக்கான் ஆயில்ல 980 கிட்டதான் போகும், அதைச் சொல்லாம அளந்தா கண்ணு நிஜத்தவிட நீளமா காட்டும், பவர் கம்மியான லென்ஸ் உள்ள போயிடும். ஒளி வச்சு அளக்கற மெஷின்ல ஆயில்னு செட் பண்ணி எடுக்கறது நல்லது. பக்கிள் போட்டிருந்தா கண்ணே நீண்டிருக்கும், அதனால பழைய அளவு உதவாது.

லென்ஸ்லயும் ஆசைப்பட்டு மல்டிஃபோக்கல் (கிட்டயும் தூரமும் தெரியறதுக்கான லென்ஸ்) கேக்காதீங்க, மேக்குலா (கூர்மையா பாக்க உதவற ரெட்டினாவோட நடுப்பகுதி) அடிபட்டிருந்தா அது பார்வைய இன்னும் மங்கலாக்கும். சிலிக்கான் லென்ஸும் வேணாம், ஆயில் பட்டா ஒட்டிக்கும், அக்ரிலிக்தான் போடுவாங்க.

அப்புறம், உள்ள இருந்த ஜெல்ல எடுத்துட்டதால கண்ணோட சொந்த லென்ஸுக்குப் பின்னாடி தாங்கல் இல்ல, ஆபரேஷன் நடுவுல அந்த லென்ஸ் திடீர்னு பின்னால இறங்கலாம், அதைப் பிடிச்சிருக்கற நரம்பு மாதிரி இழையும் தளர்ந்திருக்கலாம். அதனால இந்த மாதிரி கண்ணு நிறைய பண்ணிருக்கீங்களான்னு டாக்டர்கிட்டயே கேளுங்க, கூச்சமே படாதீங்க.

புரை எடுத்தா பழைய பார்வை அப்படியே வந்துடும்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட சொல்லிடாதீங்க. மேக்குலா எவ்ளோ நல்லா இருக்கோ அவ்ளோதான் வரும், முன்னாடியே ஓசிடி (ரெட்டினாவ ஒளி வச்சு எடுக்கற ஸ்கேன்) எடுத்துப் பாத்துடுங்க. கண்ணு தெளிஞ்சுடுச்சுன்னு சொட்டு மருந்தையும் நீங்களா நிறுத்தாதீங்க, சில வாரம் கழிச்சு கூட மேக்குலா வீங்கலாம்.

மின்னல் அடிக்கற மாதிரி, கருப்புப் புள்ளி பறக்கற மாதிரி, ஓரத்துல திரை இறங்கற மாதிரி இருந்தா அன்னைக்கே ரெட்டினா டாக்டர்கிட்ட ஓடுங்க. அம்மா முதல் தடவ அந்தத் திரைய ரெண்டு நாள் யார்கிட்டயும் சொல்லல, தூக்கம் சரியில்லாததால இருக்கும்னு நெனச்சிட்டாங்களாம்.