பழைய மோட்டார் சைக்கிள் வாங்குமுன் கறளைப் பாருங்கள்

மட்டக்களப்பில் குறைந்த விலைக்குப் பழைய மோட்டார் சைக்கிளொன்றை வாங்கி, தாமே திருத்தி விருப்பம்போல் மாற்றியமைக்க எண்ணுவோர், எஞ்சினின் சத்தத்தைக் கேட்பதற்கு முன் அது வாவியின் எந்தக் கரையில் ஓடிய வண்டி என்று கேட்டறிய வேண்டும். வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ள எழுவான்கரையில், கல்லடி, காத்தான்குடிப் பக்கம் கடற்காற்றில் நின்ற வண்டி வெளியே மினுங்கினாலும் உள்ளே கறள் பிடித்திருக்கக்கூடும். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் நெல்மூட்டை ஏற்றிய வண்டியில் செயினும் ஸ்பொக்கற்றும் தேய்ந்திருக்கும். என் கணிப்பில் இரண்டாவதே மேல். தேய்ந்ததை மாற்றலாம், உப்புத் தின்ற சேஸிஸை என்ன செய்வது?

ஆகவே சீற்றைக் கழற்றச் சொல்லி, அதன் கீழ்ப்பகுதியையும், பின்சில்லைத் தாங்கும் கவை பொருந்தும் இடத்தையும் ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். பொத்தலைப் பட்டிப் பசையால் மூடிப் பெயின்ற் பூசிய இடம் மந்தமாகச் சத்தமிடும். புதுப் பெயின்ற்றில் மயங்கி இதைத் தவறவிட்டு, மூன்று மாதம் வெல்டிங் கடைக்கு அலைந்தவன் நான்.

எஞ்சின் முதலில் குளிர்ந்திருக்க வேண்டும். சூடாக இருந்தால், நீங்கள் வருமுன்பே உரிமையாளர் கிக்கரோடு போராடியிருக்கிறார் என்று கொள்ளலாம். ஒயில் பால்தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது; மாரி வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்கலாம். நீலப் புகை ஒயில் எரிவதைக் காட்டும். நீங்கள் பார்ப்பது ஹொண்டா சீடி 125 என்றால், அது இரட்டைச் சிலிண்டர் வண்டி என்பதால், ஸ்ரார்ட் செய்து ஒரு நிமிடம் கழித்து இரு சைலன்சர் குழாய்களும் எஞ்சினோடு பொருந்தும் தலைப்பிலும் ஒவ்வொரு துளி நீர் விடுங்கள். ஒன்று சுர்ரென்று ஆவியாகி மற்றது அப்படியே வழிந்தால், ஒரு சிலிண்டர் உழைக்கவில்லை. பிளக்கோடு முடியும் கோளாறாகவும் அது இருக்கலாம். ஆனால் விலை பேச அது நல்ல பிடி.

வாகனப் புத்தகத்திலுள்ள சேஸிஸ், எஞ்சின் இலக்கங்களை வண்டியில் பொறித்தவற்றோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான கடிதமின்றிப் பணம் கொடுக்க வேண்டாம். புத்தகமே இல்லாத வண்டியை உதிரிப்பாகக் குவியலாக மட்டும் மதியுங்கள். எஞ்சினையோ சேஸிஸையோ மாற்றும் எண்ணம் இருந்தால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்த பின்னரே இரும்பறுக்கும் வாளைக் கையிலெடுங்கள்.

கழற்றும் வேலையை மாரியில் செய்யலாம். ஒவ்வொரு பகுதியின் ஆணிகளையும் தனித்தனிப் பொலித்தீன் பையிலிட்டுப் பெயரெழுதி, கழற்றுமுன் கைபேசியில் படமெடுத்து வையுங்கள். பெற்றோல் டாங்கியில் வினாகிரியை ஊற்றி ஓரிரவு வைத்து, சிறு ஆணிகளைப் போட்டுக் குலுக்கினால் கறள் உதிரும். பின்னர் அப்பச்சோடாக் கரைசலால் அலசி, வெயிலில் காயவைத்து, உடனே சிறிது ஒயில் சுழற்றிவிடுங்கள், இல்லையேல் மறுநாளே கறள் திரும்பும். பிரேக்கும் வயறிங்கும் முடியுமுன் அலங்காரத்தில் இறங்க வேண்டாம். ஈரக்காற்றில் அடித்த பெயின்ற் வெண்புகை படிந்ததுபோல் மங்கும் என்பதால், அவ்வேலையைக் கோடைக்கு ஒதுக்கி, கச்சான் காற்று எழும்பி மணலை வாரியடிக்குமுன், காலையிலேயே அடித்து முடியுங்கள்.